ருஷ்யாவில் ஒரு மாமியார்

என் தாய்மாமா ருஷ்யாவுக்குப் படிக்கப் போனபோது, பீளமேட்டில் எங்கள் தெருவே அவரை டாக்டராக்கிவிட்டது. அவர் படித்ததோ மொழியியல். அதிலும் ‘ஸ்வெக்ரி’ என்ற ஒற்றைச் சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். ருஷ்ய மொழிக்கும் அதன் பங்காளி மொழிகளுக்கும் தாயான ஆதி ஸ்லாவிய மொழியில் அதற்குக் கணவனைப் பெற்ற மாமியார் என்று பொருள்.

லீவுக்கு வந்தவரிடம் நான் சிக்கினேன். “வேற்றுமை வந்தா ஸ்வெக்ரி மாறிரும் கண்ணு, ஸ்வெக்ருவெ ஆயிரும். நாம வீட்டுல இருக்கற ‘வ’வ முழுங்கிப்போட்டு ஊடுங்கறோம். அங்க ஒளிஞ்சிருந்த ‘வ’ வெளிய வருது” என்றார். சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டுக் காட்டினார். அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

அந்த லீவிலேயே உடுமலைப்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணுக்கு ஆயில்ய நட்சத்திரம். அது மாமியாருக்கு ஆகாது என்று வந்த வரன்களெல்லாம் நழுவ, தாயில்லாத மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாமாவோ பேச்சு வராத வயதிலேயே தாயை இழந்தவர். பெண்ணை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. காபியில் சர்க்கரை இல்லாததுகூடத் தெரியாமல் குடித்தார்.

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். “மாமா அங்க என்ன படிக்கறாங்க கண்ணு?”

மாமாவின் பெருமை என் கையில் இருந்தது. “அங்க இருக்கற மாமியாரப் பத்திங்க. வேற்றுமை வந்தா மாறிருவாங்களாமுங்க. நட்சத்திரங்கூட இருக்குதுங்க.”

பஜ்ஜியெடுத்த கைகள் அப்படியே நின்றன. “ஏனுங்க, ருஷ்யாவுல மாமியாருங்களா?” என்று அவர் எழுந்துவிட்டார். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

மாமாவுக்கு வியர்த்துக்கொட்டியது. “அது வெறும் சொல்லுங்க. ஆரும் எழுதி வெக்காத காலத்துச் சொல்லு. மகள் மொழிகள்ல மிச்சம் இருக்கறத வெச்சு, இப்படித்தான் இருந்திருக்கும்னு நாங்களா சேர்த்துக் கட்டறதுங்க. கண்ணால பாத்ததில்லைங்கறதுக்குத்தான் அந்த நட்சத்திரம்.”

“அப்ப மாமியார்னு ஆரும் இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“அது போதுமுங்க” என்று அவர் உட்கார்ந்தார். கூடமே சிரித்தது, தட்டு மாற்ற நாளும் குறித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. என்மேல்தான் கோபம் என்று பயந்துபோனேன்.

மாமாவின் தாயான என் அம்மாயிக்குப் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. திரும்பும் வழியில் பஸ்ஸில் மாமா என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இது ஆரு மூக்கு கண்ணு?”

“என்னுதுதானுங்க மாமா.”

அவர் என் முகத்தையும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் எதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.