சொந்தச் செருப்புக்கு அடிக்காத விசில்

செண்பகத்தோப்பு செக்போஸ்ட்டுக்கு முன்னால் பத்து வண்டிகளை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். பதினோராவது வண்டி வரவில்லை. எப்போதும் கடைசியில் வருகிற வண்டி என்பதால் யாரும் கவலைப்படவில்லை. தலைவர் சுப்பராஜுவின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"என்ன கண்டக்டரே, டிக்கெட்டு கிழிச்சிட்டு இருக்கீரா?"

பேசியது ஒரு பெண். "ஐயா, இந்த போனுக்காரவிய மாந்தோப்பு ஓரத்துல உக்காந்தமேனிக்கு இருக்காவ. கூப்பிட்டாப் பேச மாட்டேங்காவ. பச்சைப் பட்டன அமுக்குனேன், உங்களுக்கு வந்துச்சு. வெரசா வாங்க."

ராஜபாளையம் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தாரான எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஞானமுத்து அவர்கள், மறைந்த செய்தி இப்படித்தான் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. வண்டி பழுதுபார்த்தே எழுபத்தாறு வயதாகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல சங்கத்தார் எழுதிக்கொள்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவருக்கு நான் அஞ்சலி சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவரை முதலில் பார்த்தது மதுரை பஸ்ஸில். சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும், பின்படியில் நின்ற இவரின் இடது செருப்பு ரோட்டில் விழுந்துவிட்டது. பாதி பஸ் கத்தியது. "விசிலக் கொடும்யா!"

"யாராச்சும் எறங்கணுமா? இல்லல்லா? பொறவு எதுக்கு விசிலு?"

"ஒத்தச் செருப்போட மதுரைக்கா போவீரு?" என்றாள் ஒரு கிழவி.

"நடந்து போனாத்தான் ஆச்சி கஷ்டம். நான் பஸ்ஸுலல்லா போறேன்."

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் கொடுக்க என் பக்கம் குனிந்தவர் மெதுவாகச் சொன்னார்: "விசிலு மத்தவியளுக்குத்தான் அண்ணாச்சி. சொந்தச் செருப்புக்கு அடிக்கப்படாது." மதுரையில் மற்றச் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பினார்.

பிறகு ஒரு பழைய வண்டி வாங்கி என் பட்டறைக்கு வந்தார். டீ குடிக்க நிறுத்தினாலும் பெட்ரோல் டேப்பை மூடுவார். "அது என்ன கேஸ் அடுப்பா, அம்புட்டுத் தடவ மூடுதீரு?" என்று கேலி செய்வேன். "நிறுத்துனா முழுசா நிறுத்தணும் அண்ணாச்சி" என்பார்.

வேலை ஓய்ந்ததும் சங்கத்தில் சேர்ந்தார். கடைசி வண்டியாக வருவதை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "ஆயுசெல்லாம் பின்படியில நின்னவன். முன்னால போனா எனக்குத் தலை சுத்தும்." சட்டைப் பையில் அதே விசில். ஒரு விசில் என்றால் அத்தனை பேரும் ஒதுங்க வேண்டும். இரண்டு என்றால் போகலாம்.

ஒரு நாள் சோழபுரம் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எனக்குக் கண் இருட்டியது. வெட்கத்தில் சமாளித்துப் போய்க்கொண்டிருந்தேன். என் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்து விசிலடித்தார். அத்தனை வண்டியும் நின்றது.

"எனக்காக எதுக்குய்யா எல்லாரையும் நிறுத்துனீரு?"

"உங்களுக்கில்லாம வேற யாருக்கு நிறுத்த? உக்காருங்க செத்த நேரம்."

அன்று ஹேண்டில்பாரை விட்டவன் நான். அதிலிருந்து சுப்பராஜு வண்டியில், எல்லோருக்கும் முன்னால், பின் சீட்டில்தான் பயணம்.

அவர் மறைந்த அந்தச் சனிக்கிழமையும் முன்னால்தான் இருந்தேன். போன் வந்து மாந்தோப்புக்குத் திரும்பி ஓடினோம். போன் பண்ணிய ஆட்டுக்காரப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கண்டக்டர் மரத்தில் சாய்ந்து, தூங்குகிறவர் போல இருந்தார். நெஞ்சுவலி என்று பிறகு டாக்டர் சொன்னார். மற்றவர்கள் அவரை வழியில் வந்த காரில் ஏற்றிக்கொண்டு போக, வண்டிக்குக் காவலாக நான் நின்றேன். அப்போதுதான் வண்டியைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி எஸ்தர் அம்மாள் என்னைத்தான் கேட்டார்கள். "அண்ணாச்சி, அவிய விழுந்து கெடந்தாவளா? விசிலடிச்சிருப்பாவளோ? உங்க ஒருத்தரு காதுலயுமா விழல?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். நான் பார்த்ததைச் சொன்னேன். "அவரு விழுந்து கெடக்கல தாயி. வண்டி சென்டர் ஸ்டாண்டுல நின்னுச்சு. ஹெல்மெட்டு கண்ணாடியில தொங்குச்சு. டேப்பு மூடியிருந்துச்சு. அந்த வண்டியத் தூக்கி நிறுத்த மூச்சு இருந்த மனுசனுக்கு விசிலடிக்கவும் மூச்சு இருந்திருக்கும். அடிக்கல."

அந்த அம்மாள், "ஒரு நாள் வெறுங்காலோட வீட்டுக்கு வந்தாவ. நான் ஏசுனேன்" என்றார்கள். அவ்வளவுதான்.

நான் சொன்னது ஆறுதலா, எங்கள் மேல் விழுந்த பழியா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருவராவது கண்ணாடியில் பின்னால் பார்த்திருக்கலாம். கடைசியில் அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் நாங்கள் யாரும் பின்னால் பார்ப்பதையே விட்டிருந்தோம்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து மண் போட்டோம். வாசலுக்கு வந்து வண்டிகளில் ஏறி உட்கார்ந்தோம். யாரும் நகரவில்லை. முன்னால் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. "நீ போலே." "நீரு போம்." வெயிலில் பத்து இன்ஜினும் சும்மா ஓடிக்கொண்டிருந்தன.

எஸ்தர் அம்மாள் வாசலுக்கு வந்தார்கள். "அவியளுக்காக வண்டி நின்னா அவியளுக்குப் புடிக்காது" என்று சொல்லி, முந்தானையில் முடிந்திருந்த விசிலை எடுத்து ஊதினார்கள். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார்கள். இரண்டு விசில்.

கிளம்பினோம். இந்த முறை எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனோம்.

கண்டக்டரே, உங்கள் வண்டி என் பட்டறையில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. தூசி மட்டும் துடைக்கிறேன். நீங்கள் மூடிய டேப்பை நான் திறக்கவில்லை. போய் உட்காருங்கள், செத்த நேரம்.