உப்புத் தண்ணீர் என்று நான் சொன்னது

கேத்தலைக் கவிழ்த்துத் தட்டினால் எங்கள் வீட்டில் முட்டை ஓடு விழுகிறது. உண்மையில் அது முட்டை ஓடு இல்லை. கொதித்த தண்ணீர் அடியில் விட்டுப்போகும் வெள்ளைப் பொருக்கு. கண்டிக்குக் கிழக்கே, திகனைப் பக்கம், சுண்ணாம்புக்கல் தோண்டும் இடத்துக்குக் கீழே எங்கள் தெரு இருக்கிறது. குழாயில் வரும் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. திரிந்த பால் போல மிதக்கும். பருப்பு இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்தும் பருப்பாகவே இருக்கும். தலை குளித்தால் முடி தும்புத்தடி, அதாவது நார்த் துடைப்பம் ஆகிவிடும். நான் பிறந்த கோத்தகிரியில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அங்கே கையில் பிடித்த நுரையைப் போக்கத்தான் நாம் பாடுபடுவோம்.

நாற்பத்து மூன்று வயதில் கலியாணம் ஆகி இங்கே வந்தவள் நான். வாய் பேசாதவள் என்று எனக்கு ஊரில் பெயர். இவர் திகனையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்க்கிறார். இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, தெல்தோட்டையில் தேயிலை ஃபேக்டரியில் வருடக்கணக்காகத் தூள் சலித்தவர். கலியாணத்துக்கு இந்தியா வர அவரால் முடியவில்லை. போன மாதம் போனில் பேசினார். "ஞாயித்துக்கெழம வர்றோம்மா. சோறெல்லாம் ஆக்கிக்கிட்டு இருக்காத. ஒங் கையால ஒரு ப்ளேன்டீ ஊத்திக் குடு, போதும். டீயப் பாத்தே ஆளச் சொல்லிருவேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் என்னை முதன்முதலாகப் பார்க்க வருகிறவர், என்னைப் பார்க்காமல் என் தேநீரைப் பார்க்கப்போகிறாரே. அன்று மாலையே பால் இல்லாமல் ஒன்று போட்டுப் பார்த்தேன். செம்மையே இல்லை, மங்கிய கறுப்பு. மேலே எண்ணெய் சிந்தியது போல ஓர் ஏடு. இவர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என்னை விடாது போலிருந்தது.

நம் பக்கம் இப்படிப்பட்ட தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் என்று பெயர். மேட்டுப்பாளையம் இறங்கினால் வீட்டுக்கு இரண்டு குழாய், ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று உப்புத் தண்ணீர். நாக்கில் உப்பே தெரியாவிட்டாலும் அதுதான் பெயர். பக்கத்து வீட்டு சோமா அக்காவிடம் இதைச் சிங்களத்தில் சொல்லி வழி கேட்கலாம் என்று, இவரிடம் உப்புக்கு லுணு, தண்ணீருக்கு வத்துர என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். சனிக்கிழமை காலை அவர் வாசலில் போய் நின்றேன்.

"அக்கே… லுணு வத்துர" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்று காட்ட நெஞ்சில் கை வைக்கப் போனேன். வெட்கத்தில் கை தொண்டைக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

"அனே! உகுர ரிதெனவத?" என்றார் அவர். தொண்டை வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் தலையை ஆட்டி வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் அவருடைய பின்வாசல் படியில் உட்கார்ந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "மேல பாரு! கர கர! துப்பு! இன்னும் ஒண்ணு!" என்று அதட்டினார். மூன்று கோப்பை முடிந்ததும் இஞ்சி தட்டிப் போட்ட மல்லித் தண்ணி வந்தது. அதையும் குடித்தேன். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் இருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்க் கேத்தலை எடுத்து வந்தேன். அவர் உள்ளங்கையில் பொருக்கைத் தட்டினேன். அவர் பொருக்கைப் பார்த்தார், என் தொண்டையைப் பார்த்தார், படியில் சரிந்து உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"லுணு இல்ல நங்கி, இது கிவுல்! கிவுல் தண்ணில டீ சரி வராது. நாங்க டீக்கு பீல்ல தண்ணி. யமு, பீல்லட யமு!" என்று வாளியைத் தூக்கினார். நங்கி என்றால் தங்கச்சி, யமு என்றால் போவோம் என்று எனக்குத் தெரியும். பீல்ல என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் தெரிந்தது.

தெல்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்தவர் என் அம்மா. பாறையில் இருந்து தண்ணீர் விழும் இடத்தை அவர் பீலி என்பார். பள்ளிக்கூடத்தில் நான் அப்படிச் சொன்னபோது, "மயில் பீலியா? ஒங்க வீட்டுல தண்ணிக்குப் பதிலா மயிலெறகா கொட்டுது, சிலோன்காரி?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு அந்தச் சொல்லை வெளியே எடுப்பதை விட்டுவிட்டேன். அம்மா ஏதோ பிழையாகப் பேசுகிறார் என்றே நினைத்திருந்தேன். யாரிடமிருந்து யார் வாங்கினார்களோ, அந்தச் சொல் ஒரு சிங்கள அக்காவின் வாயில் எனக்கு முன்னால் மேடேறிப் போய்க்கொண்டிருந்தது. மேலே பாறை இடுக்கில் செருகிய மூங்கில் பிளப்பில் இருந்து தண்ணீர் விழுந்தது. கையோடு கொண்டு போன சவர்க்காரத் துண்டைத் தேய்த்தேன். முழங்கை வரைக்கும் நுரை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். கிளாசை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிவப்பு. ஒரு வாய் குடித்தார்.

"என்னா தண்ணிம்மா இது?"

"பீலித் தண்ணி, அண்ணி."

கிளாஸ் பாதி வழியில் நின்றது. "அடியாத்தி! டேய் தம்பி, இந்தியாக்காரியக் கட்டியாந்திருக்கேன்னு சொன்ன. இது பீலிங்குது!"

"நான் சொல்லிக் குடுக்கலக்கா. அது என்கிட்டயே நாளைக்கி நாலு வார்த்ததான் பேசுது."

"ஒனக்கு அது ஜாஸ்திடா." என்னிடம் திரும்பினார். "ஆமா, ஒங்க ஊர்ல இத என்னான்னும்மா சொல்லுவீங்க?"

எங்க ஊர் எது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. "வீட்டுக்குள்ள பீலி, அண்ணி. வாசலத் தாண்டிட்டா கொழாய்."

அண்ணி என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். "இன்னொரு கிளாஸ் ஊத்து" என்றார். கேத்தலை எடுத்தேன். அதற்குள் வெளியே இருந்து, "நங்கி! பீல்லட யமுத?" என்று சத்தம் வந்தது. வாசல்படியில் வந்து நின்றேன். உள்ளே அண்ணி வெறும் கிளாசை நீட்டிக்கொண்டிருந்தார். வெளியே சோமா அக்கா வாளியை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில், "வர்றேன்" என்றேன், சத்தமாக.