நர்ஸம்மாவிடம் சொன்ன பொய்

என் மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வலது கால் எழவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். முதல் நாளே கொண்டுவராமல் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதனால்தானோ என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கூட நின்ற நர்ஸம்மாதான் பதில் சொன்னார்.

"முதல் நாளே வந்திருந்தாலும் இது வந்துதான் இருக்கும். அந்த நெனப்ப இன்னையோட விட்டுரு. காலையில எதாவது சாப்பிட்டியா?"

அந்த வாரம் முழுக்க என்னை அப்படிக் கேட்டவர் வேறு யாருமில்லை. செங்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பிள்ளைக்கு ஊசி போடும் முன் என் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். நோயாளியைப் போலவே கூட இருப்பவரையும் கவனிக்க வேண்டும் என்று அவருக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். நோயாளி குழந்தையென்றால் தாய்தான் பாதி மருந்தாம்.

"அதனால நீ எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. முடியலன்னா முடியலன்னு சொல்லணும்" என்றார். வகுப்பில் டீச்சருக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினேன்.

நாங்கள் வீடு திரும்பும்போது, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுத்தந்தார். வெந்நீரில் முக்கிப் பிழிந்த கம்பளித் துணியைக் காலில் சுற்றி ஒத்தடம் கொடுக்க வேண்டும். பிறகு பாதத்தை மேல்நோக்கி அழுத்தி, இருபது எண்ணும்வரை விடக் கூடாது. அப்படிப் பத்துத் தடவை, காலையும் மாலையும். நிறுத்தினால் குதிகால் நரம்பு சுருங்கிப் பாதம் தொங்கிவிடும். செய்துகொண்டே வந்தால் பாதம் ஊன்றி நடக்க வழியுண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"நீ எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச பிள்ளேல்லா. ஒரு நோட்டுல வேளைக்கு ஒரு கோடு போட்டு வை. மாசம் முதல் புதன்கிழமை கொண்டா."

எங்கள் வீடு குற்றாலத்தில். முதல் இரண்டு மாதம் ஒரு வேளை தவறவில்லை. அவன் கத்துவான், நான் எண்ணுவேன். பதினைந்தில் விட்டேனா இருபதில் விட்டேனா என்று சந்தேகம் வந்தால் முதலிலிருந்து எண்ணுவேன். நர்ஸம்மா நோட்டை வாங்கி மற்றத் தாய்மாரிடம் நீட்டுவார். "இவளும் உங்கள மாதிரிப் பிள்ளக்காரிதான். எப்படி வச்சிருக்கா பாருங்க." பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வருவேன்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. குற்றாலத்தில் வீடு இருந்தால் சீசனுக்குச் சொந்தமெல்லாம் வரும். வராதீர்கள் என்று சொல்லும் வழக்கமில்லை. சிவகிரியிலிருந்து சின்ன மாமியார் வீட்டார் பதினோரு பேர் வந்தார்கள். அவர்கள் போனால் அடுத்த கூட்டம். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி பொறுக்காது. ஈர விறகோடு மல்லாடும் அடுப்பில் வெந்நீர்ப் பானைக்கு இடமில்லை. பாதத்தை அழுத்தினால் அவன் கத்தலில் வீடே கூடிவிடும்.

"ஏட்டி, பச்சப்பிள்ளைய ஏன் போட்டு முறிக்கே?" என்றார் சின்ன மாமியார். "அருவியில காட்டுனா போதும். மலையில உள்ள மூலிகையெல்லாம் அதுலதான வருது."

"நர்ஸம்மா சொல்லியிருக்காங்க, சித்தி."

"நர்ஸம்மா பெத்தாளா, நீ பெத்தியா?"

அவனை ஐந்தருவிக்குத் தூக்கிப் போனோம். தெறித்த தண்ணீரில் கைகொட்டிச் சிரித்தான். நோய் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அன்று மாலை அவன் காலை நான் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. நாளையிலிருந்து, நாளையிலிருந்து என்றே நாட்கள் போயின.

முதல் புதன்கிழமை வந்தது. பஸ்ஸுக்குக் கிளம்புமுன் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் கோடு போட்டேன். ஒரே மையாகத் தெரியக் கூடாதென்று இரண்டு பேனா மாற்றினேன். அவ்வளவு யோசித்த எனக்கு, முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. அவர் திட்டுவார் என்ற பயமில்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் மலருமே, அது நின்றுவிடும் என்று பயந்தேன்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே. விடாம செய்யுதியா?" என்று பாதத்தை அழுத்திப் பார்த்தபடி கேட்டார்.

"செய்யுதேன் நர்ஸம்மா" என்று நோட்டை நீட்டினேன்.

அடுத்த மாதமும் அப்படியே நீட்டினேன். அன்று நெடுநேரம் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். "ஒரு வேளை விடாமச் செஞ்சும் சுருங்கிட்டு, டாக்டர்." இனி இந்தக் குழந்தையை அழுத்தி வருத்த வேண்டாம், வளர்ந்ததும் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போடலாம் என்றார் டாக்டர். நர்ஸம்மா என் தோளில் கை வைத்தார். "உன் மேல ஒரு குறையும் இல்ல. சில காலு அப்படித்தான்." அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அச்சன்புதூர்க்காரி ஒருத்தி, அதே நோய் கண்ட பெண்பிள்ளையோடு இருந்தாள். அவளுக்கு அன்று காலையில்தான் ஒத்தடம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் கம்பளித் துணியை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

"இவ்வளவு செஞ்ச ஒங்களுக்கே இப்படின்னா, நடவுக்குப் போற நான் எங்க செய்ய? எம் பிள்ளைய எதுக்குச் சும்மா அழ வைக்கணும்க்கா?"

"நான் செய்யல" என்றேன். எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "ரெண்டு மாசமா நான் செய்யவே இல்ல. கோடு மட்டும் போட்டேன். நீ விட்டுராத."

நர்ஸம்மா மருந்துத் தட்டோடு என் பின்னால் நின்றார். தட்டை வைத்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்த துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க என்னைய நல்லவள்னு நெனச்சிருந்தீங்க."

"நீ நல்லவளான்னு பாக்கவா நோட்டு கேட்டேன்? காலைப் பாக்கத்தான் கேட்டேன்."

டாக்டரிடம் போய்ப் பேசி, ஒத்தடத்தை மறுபடி தொடங்கவைத்தார். ஒன்றரை வருஷமாக ஒரு வேளை விடாமல் செய்கிறேன். பாதம் அப்படியேதான் தொங்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல்நுனி தரையில் உரச, இழுத்து இழுத்து நடக்கிறான். அந்த இரண்டு மாதமும் செய்திருந்தால் நடந்திருப்பானா என்று நர்ஸம்மாவிடம் நான் கேட்டதில்லை. அச்சன்புதூர்க்காரி தொடர்ந்து செய்தாளா என்பதும் தெரியாது.

இப்போதும் முதல் புதன்கிழமை போகிறேன். நர்ஸம்மா ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் என்ன செய்தேன் என்று என்னிடம் கேட்பதில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால், "இருக்கட்டும்மா" என்று, பிள்ளையின் காலை எடுத்து மடியில் வைத்து, அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.