ஒன்றரை மாதக் குழந்தையின் பாவம்

என் மகள் பிறந்த அன்று எல்லோரும் எடை கேட்டார்கள். நான் நர்ஸம்மாவிடம், "மூச்சு ஒழுங்கா வுடுதா?" என்று கேட்டேன். விடுகிறது என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டேன். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். வெளியே நிற்கும்போதுதான் ஜென்மப் பாவம் ஞாபகத்துக்கு வந்தது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கும் பூகோளமும் வந்த வழியே போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் படித்த ஞானோபதேசம் மட்டும் போகவில்லை. பயப்பட வைக்கிற எதுவும் என் தலையை விட்டுச் சீக்கிரம் போகாது. முதல் மனிதனும் முதல் மனுஷியும் தின்னக் கூடாததைத் தின்றார்கள். அதனால் பாடுபட்டுப் பிழைப்பதும், பிரசவ வலியும், சாவும் வந்தன. அந்தப் பாவத்தோடுதான் நாம் எல்லோரும் பிறக்கிறோம். ஞானஸ்நானத் தண்ணீர் மூன்று தடவை தலையில் பட்டால்தான் அது போகும். எங்களுக்குப் பாடம் எடுத்தவர், தண்ணீர் படுவதற்கு முன்னால் செத்துப்போகிற குழந்தைகளைப் பற்றி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது. சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார், அது மறக்கவில்லை. எனக்கு அது போதும்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவு. பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு படகில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். என் மனைவி ஏரிக்காரி இல்லை. பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிற ஊர், இந்துக் குடும்பம். அவள் மதம் மாறவில்லை, யாரும் மாறச் சொல்லவும் இல்லை. பிறக்கிற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்ட எந்தத் தாளும் எனக்குப் பயம். அது எங்கேயோ ஓர் அலமாரியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

தலைப்பிரசவம் என்பதால் தாயும் பிள்ளையும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். ஒன்றரை மாதம் ஆனதும் அழைத்துவரப் போனேன். வருகிற ஞாயிறு சாமியார் வருகிறார். அதை விட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துவிடும், காய்ச்சல் வரும், படகு போகாது. என்னென்ன வரும் என்று நான் யோசித்து வைத்திருந்ததை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

என் மாமனார் நல்ல மனிதர். வரப்புத் தகராறு ஒன்றுக்காகப் பல வருஷம் பொன்னேரி கோர்ட்டுக்கு நடந்தவர். வக்கீல்களைப் பார்த்துப் பார்த்து, எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. குழம்பில் உப்பு அதிகம் என்று அத்தையே ஒத்துக்கொண்டாலும், எப்போது போட்டாய், போடும்போது பக்கத்தில் யார் இருந்தது என்று விசாரிப்பார்.

"ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் வெச்சிருக்கோம் மாமா" என்றேன்.

"தாராளமா வைங்க. அது இன்னாத்துக்கு?"

பேர் வைக்கிற விசேஷம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கதவோரம் நின்ற என் மனைவி அப்படித்தான் கண்ணைக் காட்டினாள். ஆனால் பாவம் போக்குகிற காரியத்தைப் பற்றியே பொய் சொல்வதா என்று எனக்கு நடுக்கம்.

"பாவம் போவ மாமா."

"யாரு பாவம்?"

"கொழந்தையோடது."

மாமனார் தன் மடியில் கிடந்த பேத்தியைக் குனிந்து பார்த்தார். அது வாயோரம் பால் வழிய, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"ஒன்ற மாசம் ஆவுது. அதுக்குள்ள இன்னா பண்ணிச்சு இது?"

"இது பண்ணல மாமா. ஆதியில மொத மனுசன் பண்ணது."

"அவன் உங்க சொந்தமா?"

"எல்லாருக்கும் சொந்தம்தான்."

"எங்களுக்குக் கெடையாது" என்றார். "எங்க வம்சத்துல அஞ்சு தலமொறைக்கு எனக்குப் பேர் தெரியும். அப்படி ஒருத்தன் இல்ல."

அத்தை அடுப்படியிலிருந்து, "பச்ச மண்ணப் போய் பாவின்றாங்களே" என்று யாரிடமோ சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ள, எனக்குப் புரிய வைங்க. புரிஞ்சா நானே தூக்கினு வரேன். புரியலன்னா கொழந்த இங்கியே இருக்கட்டும்."

எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நான் புரிய வைக்க முடியும். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று ஊரே கூடி வரிசை வைத்திருக்கிறது. அந்த உரிமை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். மற்ற இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை போடலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவன் பாட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது.

என் நைனா கை வைத்தார். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாவுக்கு வெளியூர் போயிருந்தார். அன்றைக்கு அவர் பாடு. தண்ணீர் கலங்கி, இறால் ஓடுகிற பதம். விடிந்ததும் நைனா போய் அந்த இடத்தில் வலையைக் கட்டிவிட்டார். ஊர்க்கூட்டத்தில் ஏன் கட்டினாய் என்று கேட்டார்கள். "எங்க வூட்டுக்காரிதான், எடம் சும்மா கெடக்குதேன்னா" என்றார் நைனா. அம்மாவைக் கேட்டார்கள். "எறா வாங்க வர்ற ஏவாரிதான், யாருக்குத் தெரியப் போவுதுன்னான்" என்றாள் அம்மா. ஏவாரி அதற்குள் படகேறிவிட்டான்.

எங்கள் வீட்டுக்கு இனிப் பாடு கிடையாது என்று கூட்டம் சொன்னது. எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். மற்ற இடங்களில் வலை போட்டால் வயிறு நிறையாது. நைனாவோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் நண்டு தடவினேன்.

"நான் வல கட்டல மாமா. நான் அப்ப தூங்கினு இருந்தேன். ஆனா பாடு எனக்கும்தான் போச்சு. கொழந்த சமாச்சாரமும் அந்த மாதிரிதான்" என்று முடித்தேன்.

அத்தை கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். ஏழாவது படித்தவன் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேனே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மாமனார் கேட்டார். "உங்க ஊர் பண்ணது நியாயமா?"

"சின்னப் புள்ளைக்கு அநியாயம்தான் மாமா."

"அதையேதான் உங்க சாமியும் பண்ணுதுன்றீங்க."

அத்தை கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

"மாப்ள, நீங்க எந்தக் கட்சிக்கு வாதாடறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். "உங்க சாமியாரையே கேட்டுக்கறேன். கொழந்த என் கையில இருக்கும். பதில் சரியா இருந்தா குடுப்பேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் என் மனைவி, "பேர் வெக்கறதுன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்றாள்.

ஞாயிறு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவசரமென்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று படித்தது நினைவுக்கு வந்து, அத்தை குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு செம்போடு பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா வோணும்?" என்றாள். செம்பில் இருந்ததை நானே குடித்துவிட்டு வந்தேன். சாமியாருக்கு ஃபோன் செய்து, மாமனார் கேள்வி கேட்பார் என்று எச்சரித்தேன். கேட்கட்டும் என்றார். நிறையக் கேட்பார் என்றேன். சிரித்தார். அவருக்கு என் மாமனாரைத் தெரியாது.

கல்யாணம் பொன்னேரியிலேயே முடிந்துவிட்டதால் மாமனார் அதுவரை படகேறியதில்லை. வாழ்நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் நின்ற மனிதர், படகின் நடுவில் ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் குழந்தையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இங்க ஆழம் எவ்ளோ?" என்று படகுக்காரரைக் கேட்டார்.

"எறங்கி நின்னா இடுப்பு வரும்."

"அப்பறம் இன்னாத்துக்குப் படகு?"

"உங்க வேட்டி நனையக் கூடாதுன்னுதான்" என்றார் படகுக்காரர்.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலில் தொடங்கும். சாமியார் உடுப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஊரே சுற்றி நின்றது. சின்ன வயசுக்காரர், தெற்கத்திப் பக்கம் சொந்த ஊர், எங்களுக்குப் புதுசு. மாமனார் நிலைப்படியை மறித்து நின்று, "ஒரே ஒரு கேள்வி சாமி. இந்தக் கொழந்த இன்னா தப்பு பண்ணிச்சு?" என்றார்.

"ஒண்ணுமே பண்ணலய்யா" என்றார் சாமியார்.

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"குற்றம்னு இது மேல யாரும் எழுதல. கடவுள் குடுத்த ஒரு நல்லத மொத மனுசன் தொலச்சிட்டான். தொலச்சவன் வீட்டுல பொறந்ததால இதுக்கும் அது இல்ல. இல்லாமப் பொறந்திருக்கு. அதத்தான் பாவம்ங்கிறோம்."

"அதுக்குதான் மாப்ள பாடு போன கதையச் சொன்னாரு" என்றார் மாமனார். சாமியாருக்கு அந்தக் கதை தெரியாது. எனவே மாமனார் அதை முதலிலிருந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி, அம்மா சொன்னது உட்பட, விளக்கமாகச் சொன்னார். நைனா என் பக்கத்தில்தான் நின்றார். சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். எல்லாம் ஏற்கெனவே போட்டிருந்தது. அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஏவாரி இப்ப எங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் மாமனார்.

"அவனுக்கு இன்னா, வாரா வாரம் வந்துனுதான் கீறான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமனார் தலையாட்டிக்கொண்டார். பிறகு ஏதோ உறைத்ததுபோல் என் பக்கம் திரும்பினார். "இருங்க மாப்ள. பொண்ணு கேட்டு வந்தப்ப பாடு கீதுன்னுதான சொன்னீங்க? இல்லாத பாட்ட சொல்லியா என் பொண்ணக் கட்னீங்க?"

"இல்ல மாமா, பாடு கீது. திரும்பி வந்துச்சு."

"எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் உணர்ந்தேன், அந்தப் பாதியை அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவரிடம் மட்டுமா. எனக்கு நானே அந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கூட்டம் கலைவதோடு நிறுத்திவிடுவேன். பயந்தவனுக்குத் தண்டனை வரைக்கும்தான் கதை.

"இவருதான்" என்று கை காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர். சடங்கில் என் மகளைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்பதற்காகப் புதுச் சட்டை போட்டு, மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் அவர்தான் எழுந்து, என் வரிசையில் ஒரு நாளை எடுத்து இந்தப் பையன் பேரில் வையுங்கள் என்றவர். யாருக்கு எதிராகத் தப்பு நடந்ததோ அவரே கேட்கும்போது ஊர் மறுக்கவில்லை.

மாமனார் அவரிடம் போனார். "உங்க பாட்டத் திருடன வூட்டுக்கு உங்க நாளையே குடுத்தீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

அவர் மெழுகுவர்த்தியைக் கை மாற்றிப் பிடித்தார். "இன்னா பண்றது. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான். மூணு வருசமா அந்தப் பக்கத்துலேர்ந்து மீன் கொழம்பு வாசனையே வரல. எனக்கு சோறு எறங்கல."

"பதிலுக்கு அவங்க இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. இவன்தான் இன்னிக்கும் வல கட்றதுக்கு முன்னால மூணு தடவ ஃபோன் போடுவான், இது என் நாள்தான, நிச்சயமாவான்னு. அது ஒண்ணுதான் தொல்ல."

ஊர் சிரித்தது. சாமியார் வாயைத் திறந்தார். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க சாமி, புரிஞ்சிச்சு. இந்தத் தண்ணி ஊத்தனா, உங்க ஆண்டவரு அவரு நாள எடுத்து இதுக்குக் குடுக்கறாருன்னு அர்த்தம். சரிதான?"

சாமியார் கையிலிருந்த பிரசங்கக் குறிப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார். "அதேதான்யா."

"ஊத்தனப்பறம் இது தப்பே பண்ணாதா?"

"பண்ணும்."

"நோய் நொடி, சாவு?"

"அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். பாவம் போகும். அதால வந்ததெல்லாம் உடனே போயிராது."

இதற்கும் ஒரு குறுக்குக் கேள்வி வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமனார் குழந்தையின் வாயோரத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு மெதுவாக, "ஆமா. பாடு திரும்பி வந்துச்சு. மாப்ள ஸ்கூலுக்குத் திரும்பிப் போவல" என்றார்.

நைனா அந்தப் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தார்.

மாமனார் குழந்தையை என்னிடம் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டினார். "புடிங்க. கழுத்து நிக்காது, தலைக்கிக் கைய வைங்க." அவர் மெழுகுவர்த்தியை என் கையில் திணித்துவிட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் உள்ளே போனோம்.

ஞானஸ்நானத் தொட்டியருகே சாமியார் முதல் தடவை தண்ணீர் ஊற்றினார். என் மகள் விழித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை ஊற்றினார். கோயில் ஓடு அதிர அழுதாள். மாமனார் தோள்துண்டை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"போதும் சாமி, ரெண்டுலியே போயிருக்கும்."

"மூணு மாமா, மூணு" என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமியார் மூன்றாவதையும் ஊற்றினார்.