பெயர் சொல்லக்கூடாத பையன்

கென்டக்கி மலைப்பக்கத்தில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ஆமோஸ் ஸ்டிடமுக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் ஓலீட்டா, கடைக்குட்டி வெர்னா. நடுவில் பிறந்த மூவரும் ஒஹாயோ பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். வெர்னா கல்யாணமே வேண்டாமென்று ஊர்க் கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாணவர்களின் மார்க்கு விவரங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. காசு கட்டும் அப்பனே வந்து கேட்டாலும், பிள்ளை சம்மதிக்காமல் சொல்லக்கூடாது என்பது அங்கே சட்டம். சர்ச் போதகர்கூட அவள் வாயைக் கிளறிப் பார்த்துத் தோற்றுப் போனார்.

ஓலீட்டாவின் ஒரே மகன் கோல்பி அங்கே சேர்ந்தான். முதல் பருவத்திலேயே கணக்கில் கோட்டை விட்டான். அம்மா எப்படியும் சித்தியிடமிருந்து விஷயத்தைக் கறந்துவிடுவாள் என்று பயந்து, தன்னைப் பற்றி எவருக்கும் எதுவும் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மார்க்கு சட்டப்படி ஏற்கெனவே பத்திரமாகத்தான் இருந்தது. அந்தக் கையெழுத்து மறைத்தது அவன் பெயரையே; அப்படியொருவன் படிக்கிறான் என்றுகூடக் கல்லூரி இனி வெளியே சொல்லக்கூடாது.

அன்றிலிருந்து வெர்னாவுக்கு அப்படியொரு மாணவனே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஓலீட்டா வீட்டில் சாப்பாடு. வெர்னா செய்துவந்த வாழைப்பழப் புட்டிங்கைக் கோல்பி வழித்துத் தின்றுகொண்டிருப்பான்.

"ஏண்டி, இவன் ஒழுங்கா கிளாசுக்குப் போறானா?" என்பாள் ஓலீட்டா.

"அந்தப் பேர்ல சொல்றதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்லக்கா."

"உன் எதிர்லதானடி உக்காந்து திங்கிறான்."

"திங்கிறது கண்ணுக்குத் தெரியுது. காலேஜ்ல என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல."

"சித்தி, இன்னும் கொஞ்சம் புட்டிங்" என்பான் அந்த இல்லாத மாணவன். அள்ளி வைப்பாள்.

பட்டமளிப்பு விழா நெருங்கியது. அந்த வம்சத்தில் பட்டம் வாங்கியவர் எவரும் இல்லை. மேடையில் மகன் பெயரைப் படிப்பதைக் காதால் கேட்க வேண்டும், ஓலீட்டாவுக்கு வேறு ஆசை இல்லை. ஒஹாயோ தங்கைகளையும் அவர்கள் பிள்ளைகுட்டிகளையும் வரச் சொல்லிவிட்டாள். கோல்பி அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறாவிட்டால் மேடையில் அவன் பெயரைப் படிக்க மாட்டார்கள் என்பது வெர்னாவுக்குத்தான் தெரியும். அக்காவிடம் சொல்ல வழியில்லை. பையனிடம் சொல்லலாம், சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். "நாளைக்கு வரேன் சித்தி" என்று இழுத்தடித்தவன், கடைசி நாள் அலுவலகம் மூடப்போகும் நேரத்தில் வந்து நின்றான்.

"அடையாள அட்டையக் காட்டு."

"எங்கயோ விழுந்துடுச்சு. சித்தி, என்னைக் குளிப்பாட்டி விட்டதே நீங்கதானே."

"அது எங்க அக்கா வீட்டுல. இங்க நீ யாருன்னு எனக்குத் தெரியாது."

"யாருன்னு தெரியாதவன்கிட்டதான் கையெழுத்த எடு, எடுன்னு உயிர வாங்குனீங்களா?"

நியாயமான கேள்விதான். வெர்னா மேசையிலிருந்த தாள்களை அடுக்கினாள். "அதப் பத்திச் சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல."

அவன் அட்டையைத் தேடிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பூட்டியவள் காரில் ஏறி, வண்டியைக் கிளப்பாமலே வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விளையாட்டு அரங்கத்தில் இரண்டு வரிசை முழுக்க அவர்கள் ஆட்கள்தான். பெயர் பெயராக அழைத்து வந்த பேராசிரியர் ஓரிடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த மாணவர்" என்றார். கறுப்பு அங்கியில் கோல்பி தலைகுனிந்தபடி மேடையேறினான்.

ஓலீட்டா பக்கத்தில் இருந்த வெர்னாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அது நம்ம பிள்ளைதானடி? ஏன் பேரச் சொல்லல?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லக்கா." வெர்னா அக்கா பக்கம் குனிந்தாள். "ஆனா அந்தச் சட்டம் காலேஜுக்குத்தான். அம்மாவுக்கு இல்ல."

ஓலீட்டா தங்கையின் தோளை விட்டாள். பிறகு பெஞ்சின் மேல் ஏறினாள். மேய்ச்சல் மாடுகளுக்குக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. "கோல்பி ரே ஹாட்சர்" என்று அவள் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கியே ஊமையானது. இரண்டு வரிசையும் எழுந்து அதையே திருப்பிச் சொன்னது. கோல்பி நிமிர்ந்து கையசைத்தான்.

வெர்னா பெயரைச் சொல்லவில்லை. உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். முன்வரிசையில் இருந்த யாரோ திரும்பி, உங்கள் வீட்டுப் பையனா என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க" என்றாள் வெர்னா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரோ ஒரு பையன். அழகா நடந்து போனான்."