குளிரில் இருப்பதற்கு எதற்கு மூச்சு

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'சிலிண்டர்' என்றே பெயர். வார்டு வார்டாக ஆக்சிஜன் சிலிண்டர்களைத் தள்ளிப்போய் மாட்டியே தலை நரைத்தவர். தானமாக வரும் சிறுநீரகத்தை ஐஸ் பெட்டியில் வைத்த காலம் போய்ப் புது இயந்திரம் வந்தது. குளிர்ந்த திரவம் சிறுநீரகத்துக்குள் ஓடித் திரும்பும். வழியில் அதில் ஆக்சிஜன் கலக்கும். அதிலும் சிலிண்டர் இருக்கிறதே என்று அவரையே அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அவருக்கு அது பிடிபடவில்லை. குளிரில் வைப்பதே உறுப்பைத் தூங்கவைக்கத்தானே?

"தூங்கறவங்க மூச்சு விடறதில்லையா, அண்ணே?" என்றார் டாக்டரம்மா.

சரிதான் என்று வீட்டுக்குப் போனால் அங்கே அக்கா இருந்தாள். பல வருடங்களுக்கு முன் ஐஸ் பெட்டியில் வந்த சிறுநீரகம் அவளுக்கு.

"என்னோடதுக்கு எவன்டா மூச்சு குடுத்தான்? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன் பாரு!"

அதுவும் சரியாகவே பட்டது.

ஒரு மதியம், தையல்காரர் ஒருவருக்கான சிறுநீரகத்தை இயந்திரத்தோடு மேல்மாடிக்குக் கொண்டுபோனார். லிஃப்டில் ஏறும் முன் சிலிண்டரை மூடுவது அவர் ஆயுள் பழக்கம். கை தானாக மூடிவிட்டது. லிஃப்ட் மாடிக்கு மாடி நின்று ஏறியது. ஆபரேஷன் அறை வாசலில்தான் ஆக்சிஜன் மீட்டரின் முள் படுத்துக் கிடப்பதைப் பார்த்தார். பதறித் திறந்தார். டாக்டரம்மாவிடம் மறைக்கவில்லை.

டாக்டரம்மா இயந்திரத்தின் அளவுகளைப் பார்த்தார். "குளிர் இருந்திருக்கு, திரவமும் ஓடியிருக்கு. வெச்சிடலாம்."

"அப்ப ஒண்ணும் ஆகாதுங்களா?"

"அப்படி நான் சொல்லலையே."

வைத்தார்கள். மறுநாள் தையல்காரரின் கட்டிலில் சிறுநீர் சேரும் பை காலியாகத் தொங்கியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. தனக்கு வேலையே இல்லாத அந்த வார்டுக்கு அவர் போய்ப் போய் வந்தார். தையல்காரரின் மனைவி வழிமறித்தாள்.

"நீங்கதானே கொண்டுவந்தீங்க? நல்லா இருந்துச்சாங்க அது?"

"குளுகுளுன்னு இருந்துச்சும்மா" என்றார். தெரிந்தது அவ்வளவுதான்.

அக்காவிடம் கேட்டார்: "ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு ஒண்ணுக்கு எப்ப வந்துச்சு?"

"ஒரு வாரம் வரலைடா. உன் மச்சான் அந்தப் பையையே முறைச்சுப் பாத்துட்டிருந்தார், பயந்து நிரம்பிடும்னு நெனச்சாரோ என்னமோ."

சில நாள் கழித்துத் தையல்காரரின் பையில் மஞ்சள் இறங்கியது. வார்டே சிரித்தது. அவர் டாக்டரம்மாவைத் தேடிப் போனார்.

"தாமதம் என்னாலயா?"

"தெரியாது, அண்ணே. அதே கிட்னியை மூடாம இன்னொரு தடவை கொண்டுவந்து பாத்தாத்தான் தெரியும்."

அது எப்படி முடியும் என்று படியிறங்கும்வரை யோசித்தார். தாமதம் அவரால் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் எதற்கு? அவரால்தான் என்றால் அக்கா எப்படிக் குத்துக்கல்?

அடுத்த சிறுநீரகம் வந்தபோது லிஃப்ட் வாசலில் நின்று, லிஃப்ட்காரரிடம் வலது கையை நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கப்பா, தானா சிலிண்டரை மூடிடும்."

"மூடினா என்னண்ணே ஆகும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட நீட்டறேன்? மேல போறவரைக்கும் விடாதே."