பீரோ கண்ணாடியில் தெரிந்தது

மாடி ஒழுக்கை அடைக்கும் வேலையைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்பவன் நான். 2010 மழைக்காலத்தில் சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். படுக்கையறைக் கூரையில் பெரிய விரிசல். கடலூர் இன்ஜினீயரிடம் காட்டலாம் என்று, யாரையும் கேட்காமல் செல்போனில் வீடியோ எடுத்தேன்.

கதவு திறந்திருந்த பக்கத்து அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெண், "அப்பா, என்னயப் படம் புடிக்கிறாரு!" என்று அலறினாள். பயத்தில் வீடியோவை அழித்துவிட்டேன். அதுவே வினையாகிவிட்டது.

"தப்பு பண்ணலன்னா ஏண்டா அழிச்ச?" என்று அவள் அப்பா என் சட்டையைப் பிடித்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். அங்கே என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். யாரும் நம்பவில்லை. வாசலில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். இனி எந்த வீட்டில் என்னை உள்ளே விடுவார்கள்?

எஸ்.ஐ. மெமரி கார்டைச் செல்போன் கடைக்கு அனுப்பி, அழிந்த வீடியோவை மீட்க வைத்தார். விரிசல் தெரிந்தது. "கம்பி துருப்புடிச்சிருக்கு சார்" என்று இன்ஜினீயருக்குச் சொல்லும் என் குரல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் போன் கீழே இறங்கிய கடைசி நொடியில், பீரோ கண்ணாடியில் அந்தப் பெண் ஈரத்தலையோடு நின்றாள்.

"வேணும்னு எடுக்கலன்னு தெரியுது. ஆனா அடுத்தவங்க வூட்டுக்குள்ள கேக்காம எடுக்கலாமா?" என்றார் எஸ்.ஐ. அவள் அப்பா புகார் எழுதவில்லை. "அந்தக் கார்ட ஒடச்சிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

இப்போதெல்லாம் விரிசல் இருந்தால், வீட்டுக்காரர்களையே அவர்கள் போனில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எந்த அறையிலும் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கூரையை நிமிர்ந்து பார்க்கிறேன்.